பழக்கமில்லாத பெருநகரத்தில் பஸ், ரயில் வழி போடுவது எப்படி? நெல்லிக்குப்பத்துத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் நெல்லிக்குப்பம். அடுத்த மாதம் வேலை விஷயமாக மூன்று நாள் சென்னையில் இருக்க வேண்டும். முதல் நாள் காலை ஒன்பதரைக்குக் கிண்டி, மறுநாள் பாரிமுனை உயர் நீதிமன்றம் பக்கம், மூன்றாம் நாள் தரமணி. தங்குவது வடபழனியில் சித்தப்பா வீட்டில். கல்யாணத்துக்கு வேனில் போய் வந்ததைத் தவிர எனக்குச் சென்னை தெரியாது. மூன்று நாளும் ஆட்டோ என்றால் கட்டுப்படியாகாது. போனில் மேப்பைத் திறந்தால் ஒரே இடத்துக்கு ஆறு வழி காட்டுகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

தம்பி, நான் மஞ்சக்குப்பத்தில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். நூல், ஜிப், பட்டன், மெஷின் உதிரி வாங்கப் பதினெட்டு வருடமாகப் பாரிமுனைக்குப் போய் வருகிறேன். வருடத்தில் இரண்டு மூன்று தடவை பெங்களூரு சிக்பேட்டைக்கும், எப்போதாவது மும்பைக்கும் போவதுண்டு. கையில் சரக்குப் பை இருக்கும், சாயங்காலத்துக்குள் நாலு கடை ஏற வேண்டியிருக்கும், ஆட்டோவுக்குக் கொடுத்தால் லாபம் போய்விடும். அதனால் புது ஊரில் வழி போடும் வேலையைக் கொஞ்சம் ஊன்றியே கற்றுக்கொண்டேன்.

மேப் காட்டும் ஆறு வழியிலும் நாம் முதலில் பார்ப்பது மொத்த நிமிடத்தை. 48 நிமிடம், 52 நிமிடம் என்று இருந்தால் 48-ஐத் தொட்டுவிடுவோம். அங்கேதான் தவறு. அந்த வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது என்பதை முதலில் பாருங்கள். நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் வர நீங்கள் கடிகாரம் பார்ப்பதில்லை, பண்ருட்டியிலிருந்து வரும் வண்டி ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். கடலூரிலிருந்து புதுச்சேரி போகவும் அப்படித்தான். ஆனால் உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்துக்கு என்றால், டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்புவோம். பெருநகரத்திலும் இந்த இரண்டு வகைதான் இருக்கிறது. எது புதுச்சேரி பஸ் மாதிரி, எது கிராமத்து டவுன் பஸ் மாதிரி என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் வகையை நம்பி வழியைப் போடுங்கள். இரண்டாம் வகை வேறு வழியே இல்லாத கடைசித் துண்டுக்கு மட்டும் இருக்கட்டும்.

கணக்குப் போடும்போது சராசரிக் காத்திருப்பை எடுக்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாகப் பத்து நிமிடம் நிற்போம், உண்மைதான். ஆனால் ஒன்பதரைக்கு ஆள் அங்கே இருந்தாக வேண்டிய நாளில் இருபதையும் முழுசாகக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் வண்டி மாறினால் இரண்டு இடத்துக்கும் சேர்த்துக் கூட்டுங்கள். அப்படிக் கூட்டிய பிறகு அந்த 48 நிமிட வழி பல சமயம் கடைசி இடத்துக்குப் போய்விடும்.

அடுத்து, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ரயில் பாதைகளை மட்டும் உங்கள் கையால் வரையுங்கள். சாலை வேண்டாம். போனில் எத்தனை முறை பார்த்தாலும் மனதில் நிற்காதது, ஒரு முறை வரைந்தால் நின்றுவிடும். சென்னைக்கு முக்கியமாக நாலு கோடு போதும். கடற்கரையிலிருந்து எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் ஒன்று. கடற்கரையிலிருந்து திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், தரமணி வழியாக வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் (பெரும்பாலும் உயரப் பாலத்தின் மேல் ஓடும் மின்சார ரயில்) இரண்டாவது. விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி வழியாக விமான நிலையம் போகும் நீல மெட்ரோ மூன்றாவது. சென்ட்ரலிலிருந்து எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி, ஆலந்தூர் வழியாகப் பரங்கிமலை போகும் பச்சை மெட்ரோ நாலாவது. கடற்கரை–தாம்பரம் பாதை 1931-லேயே மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை எல்லாம் அந்தத் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த பகுதிகள். அதனால் பழைய நகரத்தில் எங்கே போக வேண்டியிருந்தாலும் அந்தக் கோட்டிலிருந்து அதிக தூரம் இருக்காது.

நாலு கோடும் எங்கெங்கே ஒன்றையொன்று தொடுகிறது என்று வட்டம் போடுங்கள். ஆலந்தூரில் இரண்டு மெட்ரோவும் சந்திக்கும். சென்ட்ரலிலும் சந்திக்கும். கிண்டி, எழும்பூர், பரங்கிமலை மூன்று இடத்திலும் மின்சார ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாறலாம். சென்ட்ரலில் மட்டும் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மெட்ரோவில் அதற்கு சென்ட்ரல் என்று பெயர், தாம்பரம் மின்சார ரயிலில் பார்க் என்பார்கள், பறக்கும் ரயிலில் பார்க் டவுன். மூன்றும் நடந்து மாறும் தூரத்தில்தான் இருக்கின்றன.

இனி உங்கள் பயணத்துக்கு வருவோம். சென்னைக்குள் எந்த வண்டி என்பதை யோசிக்கும் முன், கடலூரில் எந்த வண்டியில் ஏறுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, திண்டிவனம் வழியாக, அதாவது பைபாஸில், போகும் அரசு பஸ் உங்களைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வண்டி மகாபலிபுரம், திருவான்மியூர் வழியாகக் கோயம்பேட்டுக்கே போகும். உங்களுக்கு வடபழனி என்பதால் ஈசிஆர்தான் தோது. கோயம்பேடு பேருந்து நிலையத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம் இருக்கிறது, அங்கிருந்து வடபழனி இரண்டாவது நிறுத்தம். ஏறும் முன் கண்டக்டரிடம் "ஈசிஆரா, பைபாஸா? கடைசியாக எங்கே நிற்கும்?" என்று இரண்டையும் கேளுங்கள். தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் தங்குகிறவராக இருந்தால் நானே கிளாம்பாக்கம் வண்டியைத்தான் சொல்லியிருப்பேன்.

ரயில் பிடித்தால் இன்னும் நல்லது. திருப்பாதிரிப்புலியூரில் சோழன் எக்ஸ்பிரஸில் ஏறினால் எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் பரங்கிமலை போங்கள். அங்கே பச்சை மெட்ரோ. ஆலந்தூர், ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், அடுத்தது வடபழனி. எழும்பூர் போய்த் திரும்பி வருவதில் அர்த்தமில்லை. நம்ம பக்கத்து ஆட்கள் எழும்பூரில் இறங்குவதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள், தெற்கே போகிறவர்களும் கூட.

முதல் நாள் கிண்டி. வடபழனியிலிருந்து பச்சை மெட்ரோவில் மூன்றாவது நிலையம் ஆலந்தூர். அங்கே நீல மெட்ரோவுக்கு மாறினால் அடுத்ததே கிண்டி. நூறடி ரோட்டில் நேராகப் போகும் டவுன் பஸ்ஸும் உண்டு, மாற வேண்டியதில்லை, காசும் குறைவு. மற்ற நாள் என்றால் பஸ்ஸே போதும் என்பேன். ஆனால் முதல் நாள், காலை ஒன்பதரை, வேலை விஷயம். சாலை நெரிசல் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, தண்டவாளத்தில் அந்தக் கவலை இல்லை. மெட்ரோவில் போங்கள். முந்தின நாள் சாயங்காலம் அரை மணி நேரம் கிடைத்தால் அதே வழியில் ஒரு முறை போய், எந்தப் பக்க வாசலில் வெளியே வர வேண்டும் என்று பார்த்துவிட்டு வாருங்கள். கிண்டி மாதிரி இடத்தில் தப்பான வாசலில் வெளியே வந்தால் அகலமான சாலைக்கு எதிர்ப்பக்கம் மாட்டிக்கொள்வோம். மேப் சொல்லும் "2 நிமிட நடை" அங்கே பத்து நிமிடமாகிவிடும்.

இரண்டாம் நாள் பாரிமுனை. இந்தப் பகுதி என் சொந்த வீடு மாதிரி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வடபழனியில் பச்சை மெட்ரோ ஏறிக் கோயம்பேடு, அண்ணா நகர் என்று வடக்கே சுற்றி சென்ட்ரல் போய், நீலத்துக்கு மாறி அடுத்த நிலையம் உயர் நீதிமன்றம். அல்லது எதிர்த்திசையில் ஆலந்தூர் போய், நீலத்துக்கு மாறி, அண்ணா சாலை வழியாக நேரே உயர் நீதிமன்றம். படத்தில் பார்த்தால் ஆலந்தூர் வழி தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போல இருக்கும். ஆனால் நிறுத்தங்களை எண்ணிப் பாருங்கள், முதல் வழி 13, இரண்டாவது 14. இரண்டிலும் மாறுவது ஒரே ஒரு முறை. கிட்டத்தட்டச் சமம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும் வண்டியில் ஏறினால் போதும். படத்தின் வளைவைப் பார்த்து முடிவு செய்யாமல் நிறுத்தங்களை எண்ண வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் தனியாகப் போகும்போது இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது வழியில் போவேன். வடபழனியிலிருந்து ஆற்காடு சாலை பஸ்ஸில் கோடம்பாக்கம் ரயில் நிலையம், அங்கிருந்து மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பார்க், கோட்டை. கோட்டையிலோ அடுத்த நிறுத்தமான கடற்கரையிலோ இறங்கினால் பாரிமுனை நடை தூரம். ரயில் டிக்கெட் ஐந்து ரூபாய்தான். மெட்ரோவில் தூரத்துக்கு ஏற்ப 10 முதல் 50 ரூபாய் வரை ஆகும். ஒன்று மட்டும், மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் பஸ் ஸ்டாப்பை நகர்த்தி வைத்திருப்பார்கள், போக்குவரத்தைத் திருப்பியும் விட்டிருப்பார்கள், மேப்பில் பழைய இடமே காட்டும். எந்தச் சாலையில் வேலை நடக்கிறது என்று சித்தப்பாவிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரருக்கு அது அன்றாடத் தலைவலி, உடனே சொல்லிவிடுவார்.

மூன்றாம் நாள் தரமணிதான் பலரும் ஏமாறும் இடம். தரமணி பறக்கும் ரயிலில் இருக்கிறது, வடபழனி மெட்ரோவில் இருக்கிறது, அப்படியானால் ரயிலிலேயே போய்விடலாமே என்று தோன்றும். போகலாம்தான். வடபழனியிலிருந்து சென்ட்ரல் 12 நிறுத்தம், வெளியே வந்து பார்க் டவுனுக்கு நடை, அங்கிருந்து தரமணி 13 நிறுத்தம். தென்கிழக்கே இருக்கும் இடத்துக்கு வடக்கே போய் மெரினா ஓரமாகச் சுற்றி இறங்குகிற கதை. ரயிலை நம்பச் சொன்ன நானே இங்கே பஸ்ஸைத்தான் சொல்வேன். முதல் நாள் பழகிய வழியில் கிண்டி வரை மெட்ரோ, அங்கிருந்து வேளச்சேரி போகும் பஸ், வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் பெருங்குடிக்கு அடுத்தது தரமணி. கிண்டியிலேயே தரமணி வழியாகப் போகும் பஸ் கிடைத்தால் ரயிலும் தேவையில்லை.

பஸ் என்று வந்தால் எண்ணைப் பார்ப்பதில் ஒரு கவனம் வேண்டும். 21 வேறு, 21ஜி வேறு. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்து மாறினால் போகும் இடமும் மாறும். போர்டில் "கட்" என்று இருந்தால் பாதி வழியில் நின்றுவிடும். எண்ணைப் பார்த்து ஓடிப்போய் ஏறாமல், கடைசி ஊரையும் வழியில் வரும் ஒரு ஊரையும் படித்துவிட்டு ஏறுங்கள். இறங்கிய ஸ்டாப்பிலேயே திரும்பி ஏறலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒருவழிப் பாதையாக இருந்தால் திரும்பும் பஸ் அடுத்த தெருவில் நிற்கும். காலையில் இறங்கியதுமே, திரும்பிப் போக எங்கே நிற்க வேண்டும் என்று பக்கத்து டீக்கடையில் கேட்டுவிடுங்கள். அக்காவோ அம்மாவோ கூட வந்தால், 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வழி சமமாக இருந்தால் அது போதும் முடிவு செய்ய.

கேட்பதிலும் முறை இருக்கிறது. "இது வேளச்சேரி போகுமா?" என்று கேட்டால், சரியாகத் தெரியாதவர்கூட உதவும் நினைப்பில் "போகும், ஏறுங்க" என்று சொல்லிவிடுவார். "வேளச்சேரிக்கு எதில் ஏறணும்?" என்று கேளுங்கள். தெரிந்தவர் எண்ணைச் சொல்வார், தெரியாதவர் தெரியாது என்பார். போகிற அலுவலகத்தின் பெயரைக் கண்டக்டரிடம் சொல்லிப் பலனில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் பஸ் ஸ்டாப்பின் பெயர் என்ன என்று அந்த அலுவலகத்துக்கே முன்னாடி போன் செய்து கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேப்பில் வழி பார்க்கும்போது இப்போது கிளம்புவது போலப் பார்க்காதீர்கள். போக வேண்டிய தேதியையும், அங்கே சேர வேண்டிய நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள். ஞாயிறு மதியம் வீட்டில் உட்கார்ந்து பார்த்த வழி திங்கள் காலைக்குப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்களும் குறைவு. டிக்கெட்டுக்கு சென்னை ஒன் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் வந்தது, பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் எடுக்கலாம். முடிவு செய்த வழியைத் தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், போனில் சார்ஜ் இறங்கினாலும் வேலை நடக்கும். அதன் கீழேயே மாற்று வழி ஒன்றையும் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால், நடுவழியில் நின்று யோசிக்கும் நிலை வரக் கூடாது.

இது சென்னைக்கு மட்டும் பொருந்துவதில்லை. நாளைக்கே பெங்களூரு போக நேர்ந்தால், நம்ம பக்கத்து பஸ் ஓசூர் ரோட்டில்தான் உள்ளே நுழையும். 2025 ஆகஸ்டில் அங்கே மஞ்சள் மெட்ரோ வந்துவிட்டது. பொம்மசந்திராவில் இறங்கி அதில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறினால் சிக்பேட்டையும் மெஜஸ்டிக்கும் ஒரே கோடு. முன்பு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. மும்பைக்கு என்றால், புதுச்சேரியில் ஏறும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் தாதரிலேயே கொண்டு விடுகிறது. மேற்குப் பாதையும் மத்தியப் பாதையும் சந்திக்கும் இடம் அது, அங்கிருந்து எந்தப் பக்கமும் போகலாம். ஆனால் அங்கே பாஸ்ட், ஸ்லோ என்று இரண்டு வகை லோக்கல் உண்டு. முதல் தடவை மஸ்ஜித் நிலையத்துக்குப் போக வேண்டிய நான் பாஸ்ட்டில் ஏறிவிட்டேன். பைக்குல்லா தாண்டினால் அது நேராகக் கடைசி நிலையமான சிஎஸ்எம்டியில்தான் நிற்கும். கூட்டத்தில் சரக்குப் பையோடு நடைமேடை மாறி, ஸ்லோ பிடித்து ஒரு நிறுத்தம் திரும்பி வந்தேன். சென்னையிலும் சில செங்கல்பட்டு ரயில்கள் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. உங்கள் நிறுத்தத்தில் நிற்குமா என்று அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கடைசியாக ஊர் திரும்புவது. பலரும் இதை யோசிப்பதே இல்லை. மூன்றாம் நாள் தரமணியில் வேலை முடிந்ததும் வடபழனிக்குப் போய்ப் பையை எடுத்து, கோயம்பேட்டில் பஸ் ஏறினால், அந்த ஈசிஆர் பஸ் மறுபடியும் நீங்கள் புறப்பட்ட பக்கத்துக்கே வந்து, திருவான்மியூரைத் தாண்டித்தான் கடலூர் போகும். அன்று காலையிலேயே சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டு பையோடு கிளம்பிவிடுங்கள். தரமணியிலிருந்து நேரே திருவான்மியூர் பேருந்து நிலையம் வந்து, கடலூர், சிதம்பரம் வண்டி எது வந்தாலும் ஏறலாம். புதுச்சேரி வண்டியானாலும் பரவாயில்லை, புதுச்சேரியில் மாறிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை. தரமணிக்கு அடுத்த பறக்கும் ரயில் நிலையத்தின் பெயரும் திருவான்மியூர்தான், ஆனால் அது டைடல் பார்க் பக்கம் இருக்கிறது. பஸ் நிற்கும் திருவான்மியூர் வேறு இடம், பையோடு நடக்கிற தூரமில்லை. அதனால் ரயில் ஏறாமல், பேருந்து நிலையம் வரை போகும் டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடியுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமாக இருந்தால் கோயம்பேட்டிலேயே வண்டி நிரம்பிவிடும், ஐந்து மணிக்கு முன் திருவான்மியூரில் போய் நின்றால் உட்கார்ந்து வரலாம்.